என் பெண்டாட்டி அழவில்லை

அன்றைக்கு என் வாயைக் கட்டிப் போட்டுவிட்டார்கள்.

கயிறு, துணி எதுவும் இல்லை. சைலஜா மேடம் ஒரு விதி சொன்னார். எவனுடைய கதையைப் பற்றி வகுப்பு பேசுகிறதோ, அவன் வாயைத் திறக்கக் கூடாது. விளக்கம் சொல்லக் கூடாது. 'அப்படி இல்லீங்க' என்று தலையைக்கூட ஆட்டக் கூடாது. கதை மேஜைக்கு வந்த பிறகு எழுதினவன் செத்தவன் மாதிரி என்றார்.

நான் ஷேர் வேன் ஓட்டுகிறவன். சித்தூர் பஸ் ஸ்டாண்டு ஓரம் நின்று 'திருப்பதி திருப்பதி திருப்பதி' என்று ஆரம்பித்தால், சந்திரகிரி தாண்டிக் கடைசி ஆளை இறக்கிவிடும்வரை வாய் ஓயாது. தூக்கத்திலும் ஆள் ஏற்றுகிறேன் என்பது பெண்டாட்டியின் புகார். அப்படிப்பட்டவனைப் பெஞ்சில் உட்காரவைத்து, அவன் எழுதினதை அவன் முன்னாலேயே அறுத்துப் பார்த்துக்கொண்டு, 'பேசாதே' என்றால் எப்படி? வாய் நிறைய வெற்றிலை போட்டவன் ஏசி பஸ்ஸில் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

திருப்பதியில் ஒரு காலேஜ். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்களைப் போல வேலைக்குப் போகிறவர்களுக்காகத் திறப்பார்கள். மாடியில் கடைசி அறை. ஜன்னலைத் திறந்தால் மலை. கீழே பார்த்தால் புதிதாக மொட்டை அடித்துச் சந்தனம் பூசின தலைகள் வெயிலில் பளபளவென்று போய்க்கொண்டிருக்கும்.

அன்றைக்கு எல்லார் கையிலும் என் கதையின் ஜெராக்ஸ். முதல் வரியிலேயே கேள்வி வந்துவிட்டது.

"இந்த லேடி ஏன் அழல?"

கேட்டவன் பார்த்தசாரதி. ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் உட்காருகிறவன். அவன் வீட்டுப் பெரியவர்கள் கோயில் கைங்கரியத்தில் இருப்பவர்கள். அதனால் அவன் எதைக் கேட்டாலும் பிரசாதம் கொடுக்கிற மாதிரிப் பணிவாகத்தான் கேட்பான்.

"இவ்ளோ அவமானம் நடந்திருக்கு. ஒரு சொட்டுக் கண்ணீர் வேண்டாமோ? எனக்கு மனசுல ஒட்டவே மாட்டேங்கறது."

"அதான், நான் போட்டுக்கீறேன்" என்றாள் ஹேமா. "திருத்தன காப்பியப் படிச்சுப் பாருங்க. ரெண்டாவது பாராவுல அழறாங்க."

ஹேமா ஸ்ரீசிட்டியில் செல்போன் தயாரிக்கிற ஃபேக்டரி ஒன்றில் வேலை பார்க்கிற பெண். ஊர் திருத்தணிப் பக்கம். ரேணிகுண்டாவில் ரூம் எடுத்துத் தங்கி, கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறாள். எடிட்டிங் பாடத்துக்காக மேடம் எங்களை ஜோடி ஜோடியாகப் பிரித்தபோது, அவள் கதை எனக்கு, என் கதை அவளுக்கு.

அவள் கதையை நான் எப்படித் திருத்தினேன் என்று கேட்காதீர்கள். சரி, கேளுங்கள். எல்லா வரிக்கும் டிக் அடித்து, கீழே 'சூப்பர்' என்று எழுதிக் கொடுத்தேன். மேடம் அதைப் பார்த்துவிட்டு, "இது எடிட்டிங் காதண்டி, பயம்" என்றார். எடிட்டிங் இல்லையாம், பயமாம். சரியாகத்தான் சொன்னார்.

ஹேமாவுக்குப் பயம் கிடையாது. என் பக்கங்களைச் சிவப்புப் பேனாவால் குளிப்பாட்டி இருந்தாள்.

"இப்ப நல்லா இருக்கு கதா, இல்லையா?" என்றார் மேடம் வகுப்பைப் பார்த்து. "படிக்கறவங்களுக்குப் பாவம்னு தோணணும். தோணுது."

எல்லாரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. செத்தவன் எப்படி ஆட்டுவான்?

கட்டை

போன வாரம் இதே பத்தியில் என் கல்யாணக் கூத்தைப் படித்தவர்களுக்கு என் பெண்டாட்டி குமாரியைத் தெரியும். தெரியாதவர்களுக்கு ஒரே வரி: தாலி முடிச்சுப் போடத் தெரியாமல் நான் திணறியதைப் பார்த்துவிட்டு, 'சீக்கிரம் கட்டுயா, பசிக்குது' என்று சொன்னவள்.

சித்தூருக்கு வெளியே ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் சீசனுக்கு வேலைக்குப் போகிறாள். பெல்ட்டின் இரண்டு பக்கமும் பெண்கள் வரிசையாக நின்று பழம் அறுப்பார்கள். காம்புப் பால் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துப்போகும். சீசன் முழுக்க எங்கள் வீட்டில் மாம்பழ வாசனைதான். பழம்தான் கிடையாது.

அங்கே ஒரு சூப்பர்வைசர். அவர் ஒரு வேலை செய்தார். பெண்கள் அடிக்கடி பாத்ரூம் போய் நேரத்தை வீணாக்குகிறார்கள் என்று, பாத்ரூமைப் பூட்டி, சாவியை உள்ளங்கை அகல மரக்கட்டை ஒன்றில் கட்டி, தன் மேஜையில் வைத்துக்கொண்டார். போக வேண்டியவள் எல்லார் முன்னாலும் அவரிடம் வந்து நின்று கட்டையைக் கேட்க வேண்டும். 'இப்பதான போன?' என்பார். வயசுப் பெண்ணோ, மாசமாக இருப்பவளோ, அதே கேள்வி. கட்டை திரும்பி மேஜைக்கு வந்தால்தான் அடுத்தவள் கேட்கலாம்.

ஒருநாள் குமாரி கட்டையை வாங்கிக்கொண்டு போனாள். திரும்பி வந்து மேஜையில் வைக்கவில்லை. பக்கத்தில் நின்றவள் கையில் கொடுத்தாள். அவள் போய்வந்து அடுத்தவள் கையில். இப்படியே கட்டை வரிசையிலேயே சுற்ற ஆரம்பித்துவிட்டது.

அன்றைக்கு என்று பார்த்து சூப்பர்வைசருக்கு வயிறு சரியில்லை. ஆண்களுடைய பாத்ரூம் மெயின் கேட் ஓரம், பழ லாரிகளின் வரிசையைத் தாண்டி இருக்கிறது. அவ்வளவு தூரம் தாங்காது என்று அவர் முகமே சொன்னதாம். வயிற்றில் கை வைத்துக்கொண்டு மேஜைக்கு ஓடிவந்தார். கட்டை இல்லை.

"கட்ட எங்க?"

குமாரி பழத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"லைன்ல கீது சார்."

"குடு இங்க!"

"லைன் கீது சார். பின்னாடி போய் நில்லு."

போய் நின்றார். நிஜமாகவே நின்றார். முன்னால் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக, கோயிலுக்குப் போய்வருகிற மாதிரி, நிதானமாகப் போய்வந்தார்கள். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறுநாள் காலையில் சாவி பாத்ரூம் கதவு ஓரம் ஆணியில் தொங்கியது. கட்டையைக் காணோம்.

இதைத்தான் எழுதினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில். கடைசி வரி இது: 'மை ஒய்ஃப் நாட் க்ரையிங். சூப்பர்வைசர் க்ரையிங்.'

ஹேமா திருத்திய கதையில் என்ன நடந்தது தெரியுமா? குமாரி கைகூப்பி நிற்கிறாள். கன்னத்தில் கண்ணீர் உருள்கிறது, இலை மேல் பனித்துளி மாதிரி. அந்தப் பக்கமாக வந்த மேனேஜர் ஒருவர் அதைப் பார்க்கிறார். அவர் நெஞ்சு உருகுகிறது. கட்டையை வாங்கித் தூர வீசுகிறார். பெண்கள் எல்லாரும் சேர்ந்து அவரை வாழ்த்துகிறார்கள்.

சூப்பர்வைசரின் வயிறு முழுக்கக் குணமாகிவிட்டது.

ஃபேன் இருந்த வரிசை

நானெல்லாம் எப்படி இந்த வகுப்புக்கு வந்தேன் என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

ஐந்தாம் வகுப்பில் வாத்தியாருக்குப் பீடி வாங்கப் போனவன், ரோட்டில் நின்றிருந்த லாரியில் ஏறிவிட்டேன். அந்தப் பீடி இன்னும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. படித்த கொஞ்சமும் தெலுங்கு மீடியம். தமிழ் எழுத்து, வேனில் ஜனங்கள் விட்டுப்போகிற வாரப் பத்திரிகைகளில் கூட்டிக் கூட்டிக் கற்றுக்கொண்டது. இங்கிலீஷ், லாரிகளின் பின்புறம் படித்தது. அதனால் ரொம்ப நாள் இங்கிலீஷ் என்றால் எல்லாமே ஹாரன் அடிக்கச் சொல்கிற பாஷை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிகிரி படிக்க ஆசைப்பட்டவன் என் மச்சான். பள்ளிக்கூடம் முடிக்காதவர்களும் வயசு இருந்தால் ஒரு பரீட்சை எழுதிச் சேரலாம் என்று எங்கோ கேட்டுவிட்டு, என் வேனில் ஏறி வந்தான். காலேஜ் வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும், "மாமா, பசிக்குது, துன்னுட்டு வரேன்" என்று போனவன்தான். நான் வாத்தியாருக்குச் செய்ததை அவன் எனக்குச் செய்தான், கணக்கு நேராகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் மண்டையைப் பிளந்தது. தெலுங்குக்கு ஒரு வரிசை, சரித்திரத்துக்கு ஒரு வரிசை, எல்லாம் வெட்டவெளியில். இங்கிலீஷ் வரிசை மட்டும் வராந்தாவில். அதில் ஆளே இல்லை. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. மச்சான் வரும்வரை அங்கே நிற்கலாம் என்று நின்றேன்.

"பேரு?" என்றார் உள்ளே இருந்தவர்.

கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா? "முனிரத்னம்" என்றேன்.

எழுதிவிட்டார்.

இலக்கியத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். என் காரணத்துக்கு மூன்று றெக்கை.

ராஜா அழலாம்

முதல் பருவத்தில் பனியைப் பற்றி ஒரு கவிதை. சித்திரை மாசம், கரண்ட் இல்லை. மேடம் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே பனி மூடின வயலை விளக்கிக்கொண்டிருந்தார்.

"இந்த இடத்துல கவிக்கு என்ன ஃபீலிங்? முனிரத்னம் காரு, மீரு செப்பண்டி, நீங்க சொல்லுங்க."

"ஸ்வெட்டர் மறந்துட்டாரு மேடம்."

வகுப்பு சிரித்தது. மேடமும் சிரிப்பை அடக்கப் பார்த்தார். மார்க் போடும்போது மட்டும் அடக்கிவிட்டார்.

அடுத்து நாடகம். ஒரு ராஜா. யாரை நம்பக் கூடாதோ அவனைச் சரியாகத் தேடிப்பிடித்து நம்புகிறார். பிறகு பக்கம் பக்கமாக அழுகிறார். எனக்கு அந்த ராஜாவை ரொம்பப் பிடித்தது. என் வேன் முதலாளி மாதிரியே இருந்தார். ஆனால் ஒரு சந்தேகம் வந்தது. ராஜா அழுதால் அதற்கு எத்தனையோ பேர் உரை எழுதியிருக்கிறார்கள். ராஜா வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள் ஒரு வரி வந்து ஜோக் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறாள். அவள் ஜோக்குக்கு யாரும் உரை எழுதவில்லை. பரீட்சையிலும் அவள் வர மாட்டாள்.

அவளும் ஒரு பக்கம் அழுதிருந்தால் ஐந்து மார்க் கேள்வியாகவாவது வந்திருப்பாளோ என்னமோ.

எனக்குப் பிடித்த பாடம் எடிட்டிங். காரணம் ஒரே ஒரு குறி.

அச்சுக்குப் போகிற தாளில் திருத்துவதற்கு என்று நிறைய குறிகள் உண்டு. சேர்க்க ஒன்று, நீக்க ஒன்று, இடம் மாற்ற ஒன்று. எல்லாம் பூரான் மாதிரி இருக்கும், மனசில் நிற்காது. ஒன்று மட்டும் நின்றது. அடித்த வார்த்தைக்கு அடியில் வரிசையாகப் புள்ளி வைத்தால், 'அடித்தது செல்லாது, முதலில் இருந்தபடியே இருக்கட்டும்' என்று அர்த்தமாம். அச்சுக் கோக்கிறவன் புள்ளியைப் பார்த்தால் அடித்த கோட்டைக் கண்டுகொள்ளக் கூடாதாம்.

"அந்தப் புள்ளிய யார் வேணா வைக்கலாமா மேடம்?" என்று கேட்டேன்.

"எழுதினவர் வைக்கலாம். அது அவரோட ஹக்கு."

ஹக்கு என்றால் உரிமை. நான் பிறந்ததிலிருந்து என்னை அடிக்காதவன் இல்லை. வாத்தியார், முதலாளி, செக்போஸ்ட்டு. ஒரு தடவைகூட அடியில் புள்ளி வைக்க எவனும் இடம் கொடுத்ததில்லை. இங்கே படிப்பிலேயே வைத்திருக்கிறார்கள்! அன்றைக்குத் திரும்புகிற வழி முழுக்க, பாகாலா தாண்டியும், பாசஞ்சர்களுக்கு இதையே விளக்கிக்கொண்டு வந்தேன். ஒருவர் இறங்கும்போது, "டிரைவர் சார், உங்களுக்கு உடம்பு சரியில்லியா?" என்று கேட்டார்.

யார்யா இந்த அழுமூஞ்சி?

ஹேமா திருத்திய காப்பியை வீட்டுக்கு எடுத்துவந்தேன். அதைச் சுத்தமாக எழுதி அடுத்த ஞாயிறு கொடுத்தால் டிபார்ட்மெண்ட் புத்தகத்தில் அச்சாகும். அதோடு இன்டர்னல் மார்க்கும் விழும். அந்த மார்க் இல்லாமல் என் மூஞ்சிக்கு அந்தப் பேப்பர் பாஸாகாது. மேடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்: எடிட்டர் சொன்ன திருத்தத்தை எடுத்துக்கொள்ளாதவருக்கு அதில் பூஜ்யம்.

உண்மையைச் சொல்கிறேன், எழுதிக் கொடுத்துவிடுவது என்றுதான் உட்கார்ந்தேன். ஹேமாவின் இங்கிலீஷ் வழவழவென்று இருந்தது. நான் எழுதினது என்று காட்டிக்கொள்ள எனக்கே ஆசையாக இருந்தது.

குமாரி சட்டியில் கருவாட்டைப் புரட்டிக்கொண்டு, "இன்னாத்த எழுதிக்கினு கீற? படி, கேக்கலாம்" என்றாள்.

ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். கைகூப்பினது வந்தது. கண்ணீர் வந்தது. பனித்துளி வந்தது. கரண்டி நின்றது.

"யார்யா இந்த அழுமூஞ்சி?"

"நீதாமே."

"நானா? நான் எப்பயா அழுதேன்? யார்ட்ட கை கூப்பனேன்?"

"கதைக்காகமே. படிக்கறவனுக்குப் பாவம்னு தோணணுமாம்."

"என்னப் பாத்து எதுக்குயா பாவம்னு தோணணும்? அந்த ஆளப் பாத்துத் தோணட்டும், வவுத்தப் புடிச்சிக்கினு நின்னது அவன்தான?" அடுப்பைச் சின்னதாக்கினாள். "மேல படி."

மேனேஜர் வந்தார். அவர் நெஞ்சு உருகினது. கட்டையை வீசினார்.

குமாரி அடுப்பையே அணைத்துவிட்டாள். எங்கள் வீட்டில் அது நல்ல அறிகுறி இல்லை.

"மேனேஜரு அன்னிக்கு ஊர்லயே இல்லய்யா. மக கல்யாணத்துக்குப் போயிருந்தாரு. இவரு எங்கேர்ந்து வந்து உருகனாரு?"

தாளில் மேனேஜரை மறுபடி தேடிப் பார்த்தேன்.

"கட்டய வச்சிக்கினது நானு. கைமாத்தி வுட்டது லைன்ல கீற பொம்பளைங்க. மாசமா கீறவ பாவம், பயந்துக்கினே வாங்கிக் குடுத்தா. வேல போனா எல்லாருக்கும் போவும்னுதான் நின்னோம். நல்ல பேரு மேனேஜருக்கா?"

"புக்குல வருதுமே. மார்க்கு..."

"புக்குல வருதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்யா! 'உன் ஊட்டுக்காரரு நம்ம கட்டக் கதய எழுதிக்கீறாராமே'ன்னு டெய்லி கேக்கறாளுங்க. இத எடுத்துக்கினு போயி எந்த மூஞ்சியோட காட்டுவேன்? நாங்க அழுது வாங்கனோம்னா?" கரண்டியை என் பக்கம் நீட்டினாள். நுனியில் எண்ணெய் சொட்டியது. "உனக்கு மார்க்கு வோணும்னா உன்னப் பத்தி எழுதி அழு. நெறைய கீது. என்ன உடு."

நியாயம்தான். என்னைப் பற்றி எழுதினால் இலை மேல் பனித்துளி என்ன, அருவியே ஊற்றலாம்.

அப்புறம் ஒரு பேனா எடுத்தேன். அவள் சோறு போடுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

புள்ளி

அடுத்த ஞாயிறு. அதே அறை, அதே மலை. ஹேமாதான் தாளை முதலில் பார்த்தாள்.

அவள் போட்டிருந்த எழுத்துத் திருத்தம், 'இஸ்', 'வாஸ்' எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு ஒரு கௌரவமும் இல்லை, எனக்கு நிஜமாகவே தெரியாது. ஆனால் கண்ணீரை அடித்திருந்தேன். பனித்துளியை அடித்திருந்தேன். மேனேஜரை ஊருக்கே, கல்யாணத்துக்கே, திருப்பி அனுப்பியிருந்தேன். அவள் அடித்த என் வரிகளுக்கு அடியில் ஒரு வார்த்தை விடாமல் புள்ளி. லைன், கட்டை, சூப்பர்வைசர், அவர் வயிறு, எல்லாவற்றுக்கும் அடியில்.

"இன்னாண்ணா இது?" ஹேமாவின் முகம் விழுந்துவிட்டது. "நான் நல்லதுக்குத்தான பண்ணேன்."

"நல்லாதாம்மா கீது. ஆனா அது என் பொண்டாட்டி இல்ல. வேற யாரோ ஒரு நல்ல பொம்பள."

பார்த்தசாரதி சிரித்துவிட்டான். ஹேமா சிரிக்கவில்லை.

"நெசத்துல யாருண்ணா அப்டிப் பேசுவாங்க, சூப்பர்வைசர்கிட்ட? எங்க ஃபேக்டரில எங்க அம்மாவுக்கு ஆப்ரேஷன்னு லீவு கேட்டேன். குடுக்கல. மேனேஜர் ரூமுக்கு வெளிய நின்னு அழுதேன். அப்பறம்தான் குடுத்தாங்க." குரல் இறங்கியது. "அழுதாதான்ணா குடுப்பாங்க."

எனக்கு வாயில் ஒன்றும் வரவில்லை. யாரும் கட்டாமலேயே.

பிறகு சொன்னேன்: "அத நீ எழுதும்மா. அந்த வெளிய நின்னத. அதுக்கு எவன் சிவப்புப் பேனா எடுத்துக்கினு வரான்னு நானும் பாக்கறேன். ஆனா உன் கண்ணீர எடுத்து என் பொண்டாட்டி கண்ணுல ஊத்தாத. அவ ஒத்துக்க மாட்டேன்றா."

ஹேமா தாளைத் திருப்பி வைத்தாள். இந்தத் தடவை லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. இல்லாமலும் இருக்கலாம், எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை.

மேடம் வந்தார். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு படித்தார். பக்கத்தைத் திருப்பினார். முழுக்கப் புள்ளி.

"அன்னிட்டிக்கீ புள்ளியா?"

"ஆமா மேடம். எல்லாத்துக்கும்."

"முனிரத்னம் காரு, ரூல் தெரியும் கதா? எடிட்டர் சொன்னத எடுத்துக்கலன்னா இன்டர்னல் பூஜ்யம்."

"தெரியும் மேடம்."

"ஃபெயில் ஆயிடுவீங்க."

"அதுவும் தெரியும் மேடம். எனக்குப் பழக்கம்தான்."

"பாவம்னு தோணலன்னா படிக்கறவங்களுக்கு என்ன தோணும், செப்பண்டி?"

நான் வாய் திறக்கவில்லை. விதி அதுதானே. என் கதையைப் பற்றிப் பேசும்போது நான் செத்தவன். விரலால் தாளின் கடைசி வரியைக் காட்டினேன். அடியில் புள்ளி வைத்த வரி.

மேடம் அதைப் படித்தார். மறுபடியும் மேலே போய், சூப்பர்வைசர் லைனில் போய் நிற்கிற இடத்தைப் படித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். தோள் மட்டும் இரண்டு தடவை குலுங்கியது. பனிக் கவிதை வகுப்பில் பார்த்த அதே குலுக்கல்.

"அந்தக் குறிய நேர்ப்பிச்சிந்தி நேனே" என்றார், யாரையும் பார்க்காமல். அதைக் கற்றுக்கொடுத்தது நான்தான் என்று அர்த்தம். "புள்ளி வெச்சா அச்சுல மாத்தக் கூடாது. மாத்த மாட்டேன். ஆனா மார்க்கு லேது."

"வேணாம் மேடம்."

பூஜ்யம் போட்டார். பெரிசாக, வட்டமாக, அழகாகப் போட்டார். அடுத்த ஆளின் கதைக்குப் போய்விட்டார்.

பின்னாடி போய் நில்லு

அந்தப் பேப்பரில் ஃபெயில். ரிசல்ட்டைப் பிரிண்ட் எடுத்து, 'ஃபெயில்' என்கிற வார்த்தையை அடித்துப் பார்த்தேன். அடித்தது செல்லவில்லை. என் புள்ளி இல்லாமலேயே அது இருந்தபடி இருந்துவிட்டது. மறுபடி எழுதப்போகிறேன். அப்போதும் குமாரி அழ மாட்டாள். அதற்கு அடுத்த தடவையும் அழ மாட்டாள். எத்தனை தடவை என்றாலும் எனக்கு அவசரமில்லை, அந்த அறையில் இப்போது ஃபேன் மாற்றியிருக்கிறார்கள்.

புத்தகம் வந்தது. பச்சை அட்டை, பசை வாசனை. என் கதை கடைசிப் பக்கங்களில், மேடம் சொன்னபடியே ஒரு வார்த்தை மாறாமல். அதற்கு முந்தின பக்கத்தில் ஹேமா எழுதினது, ஒரு மூடின கதவுக்கு வெளியே நிற்கிற பெண்ணைப் பற்றி. அதை வேனில் உட்கார்ந்து படித்தேன். பாசஞ்சர் வந்து கதவைத் தட்டினது காதில் விழவில்லை.

குமாரி புத்தகத்தைப் பாலித்தீன் பையில் சுற்றி ஃபேக்டரிக்குக் கொண்டுபோனாள். அங்கே அந்த வரிசையில் ஒருத்திக்கும் இங்கிலீஷ் தெரியாது. அதனால் என்ன? எந்த வரியில் கட்டை வருகிறது, எந்த வரியில் அவர் வருகிறார் என்று நான் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்திருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் கையைக் கழுவிவிட்டு ஒவ்வொருத்தியாக வாங்கிப் பார்த்தார்களாம். கோட்டைத் தடவிப் பார்த்துச் சிரித்தார்களாம். மாசமாக இருந்தவள் இப்போது கைக்குழந்தைக்காரி. அவள் ரொம்ப நேரம் வைத்திருந்தாளாம்.

சிரிப்பைக் கேட்டு சூப்பர்வைசர் வந்துவிட்டார். அந்த இடத்தில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள்.

"இன்னா புக்கு அது? எங்க, குடு பாக்கலாம்."

குமாரி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"லைன் கீது சார். பின்னாடி போய் நில்லு."